தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் இரண்டு செடி

11 ஆகஸ்ட் 2025, திங்கள்

காலையில் அலுவலக வராந்தாவில் போதைப்பொருள் ஒழிப்பு உறுதிமொழி. வரிசையாக நின்று வலது கையை நீட்டினோம். ‘சகாதேவன் சார் குரல் கணீர்னு இருக்கும், அவரே படிக்கட்டும்’ என்று யாரோ கிளப்பிவிட, மேலதிகாரி தாளை என் கையில் கொடுத்துவிட்டார். நான் ஒவ்வொரு வரியாகப் படித்தேன். முப்பத்தெட்டுப் பேர் திருப்பிச் சொன்னார்கள்.

என் வீட்டு மொட்டைமாடியில், தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால், இரண்டு கஞ்சாச் செடி ஒரு சாண் உயரத்துக்கு நிற்கிறது. விதை போட்டவன் நான்.

படிக்கும்போது குரல் கொஞ்சம்கூட நடுங்கவில்லை. அதுதான் இப்போது உறுத்துகிறது.

17 ஆகஸ்ட், ஞாயிறு

எழுதிப் பார்த்தால் தெளிவாகும் என்று எழுதுகிறேன்.

வயது ஐம்பத்துநாலு. இருபத்திரண்டில் பிடித்த பழக்கம். வாரத்துக்கு ஒரு தடவை, சனிக்கிழமை, ரேவதி கோயிலுக்குப் போயிருக்கும் ஒரு மணி நேரம். அதற்கு மேல் இல்லை. வாசனை தெரியாமல் இருக்க மாடியில் சாம்பிராணி போடுவேன். ‘இவருக்கு இப்பல்லாம் பக்தி வந்துடுச்சி’ என்று அவள் பக்கத்து வீட்டில் பெருமையாகச் சொல்லிக்கொள்கிறாள்.

இத்தனை வருஷமும் செங்கம் ரோட்டுச் சந்தில் ஒருத்தனிடம் வாங்கினேன். ஹெல்மெட்டைக் கழற்றாமல் நிற்பேன். அந்தப் பணம் எங்கே போகிறது, எவன் எவனைக் கெடுக்கிறது என்று யோசித்தால் தூக்கம் வராது. இனி அந்தத் தொல்லை இல்லை, கடைசியாக வாங்கியது தீர்வதற்குள் செடி வளர்ந்துவிடும். வாங்குவதில்லை, விற்பதில்லை, யாருக்கும் கொடுப்பதில்லை. யார் வயிற்றில் அடித்தேன்? மலையைச் சுற்றி உட்கார்ந்திருக்கும் எத்தனை காவி வேட்டி இதைப் புகைக்கவில்லை? சட்டத்துக்குத் தப்பு, சரி. பாவம் எங்கே இருக்கிறது?

கேள்வியும் நானே, தீர்ப்பும் நானே. ஆபீசில் எந்த ஃபைலும் இவ்வளவு சீக்கிரம் முடிந்ததில்லை.

3 செப்டம்பர், புதன்

ரேவதி கேட்டுவிட்டாள். “தொட்டிக்குப் பின்னால இன்னா செடிங்க அது?”

“வாயுவுக்கு மூலிகை. ஒரு சித்த வைத்தியர் விதை குடுத்தாரு. அபூர்வமானது, யார்கிட்டயும் சொல்லாத, கேட்டு வந்துடுவாங்க.”

எவ்வளவு சரளமாக வந்தது பொய். அப்போது பூக்காரி அருணாதேவியும் வாசலில் நின்றிருந்தாள். கோயில் வாசல் வரிசையில் அவளுக்கு ஒரு இடம் உண்டு. சாமிக்கு மாலை கட்டுவாள். போகும் வழியில் எங்கள் தெருவில் நாலைந்து வீட்டுக்குத் தினப்பூ கொடுப்பாள். பதினோரு வருஷமாக வருகிறாள். “சாருக்கு வாயுவா? ராத்திரில உருளைக்கிழங்கை நிறுத்தச் சொல்லுக்கா” என்று சிரித்துவிட்டுப் போனாள்.

11 செப்டம்பர்

ரேவதி தினமும் அரிசி கழுவின தண்ணீரைக் கொண்டுபோய் அந்தச் செடிகளுக்கு ஊற்றுகிறாள். நான் கேட்கவில்லை. அவளாகத்தான்.

27 செப்டம்பர், சனி

கவிநிலா ஹாஸ்டலில் இருந்து போன் செய்தாள். அவள் கல்லூரியில் இரண்டு பையன்கள் கஞ்சாவோடு பிடிபட்டு நீக்கப்பட்டார்களாம். “நல்ல குடும்பத்துப் பசங்கப்பா. ஒருத்தன் அப்பா கவர்மென்ட்ல இருக்காரு.”

“பெத்தவங்களைச் சொல்லணும்மா” என்றேன் நான். “வீட்ல கண்டிப்பு இருந்தா பிள்ளை ஏன் இப்படிப் போவுது?”

ஐந்து நிமிஷம் அறிவுரை. ‘சரிப்பா, சரிப்பா’ என்று கேட்டுக்கொண்டாள். போனை வைத்துவிட்டு மாடிக்குப் போனேன். சனிக்கிழமை அல்லவா.

த்தூ.

18 அக்டோபர்

மழை. செடி மார்பளவு. நுனியெல்லாம் பூ. வாசனை தொட்டியைத் தாண்டி வருகிறது.

14 நவம்பர், வெள்ளி

சக்கரபாணியோடு டீ. கூடப் படித்தவன், வக்கீல். யாரோ ஒருத்தர் விஷயம் மாதிரி கேட்டேன்: “வீட்ல சும்மா ரெண்டு செடி வெச்சிருந்தா இன்னா ஆவும்?”

“ரெண்டு இன்னா, ஒண்ணு வெச்சாலும் சட்டத்துக்கு அது பயிர்தான். பத்து வருஷம் வரைக்கும் போடலாம். வெச்சிருக்கறவனை விட வளர்க்கறவனுக்கு ஜாஸ்தி.” பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்தான். “யாருடா அது?”

“ஆபீஸ்ல ஒருத்தர்.”

இன்றைக்கே பிடுங்கிவிட வேண்டும். ஆனால் இன்னும் இரண்டு வாரத்தில் முற்றிவிடும். தீபம் முடியட்டும். ஊரே கூட்டமாக இருக்கும், எவன் என் மாடியைப் பார்க்கப்போகிறான்?

1 டிசம்பர், திங்கள்

வரிசையா எழுதணும்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தேன். ரேவதி அழுதுகொண்டிருந்தாள். அருணாதேவியைப் போலீஸ் பிடித்துக்கொண்டு போய்விட்டார்களாம். மாலைக்குள் கஞ்சா வைத்துக் கட்டினாளாம். பந்தோபஸ்துக்கு வெளியூரிலிருந்து வந்த போலீஸ்காரம்மா ஒருத்தி தலைக்கு வைக்க ஒரு முழம் கதம்பம் வாங்கியிருக்கிறாள். பக்கத்தில் நின்ற ஏட்டு பூவுக்கு நடுவில் இருந்த பச்சையைக் கிள்ளி முகர்ந்து பார்த்திருக்கிறார். அவ்வளவுதான். கூடையைக் கவிழ்த்து, கட்டின மாலையெல்லாம் அள்ளி, வரிசையில் அத்தனை பேரும் பார்க்க வண்டியில் ஏற்றிவிட்டார்கள்.

“அவ அப்படிப்பட்டவளாங்க? மரிக்கொழுந்து விலை ஏறிப்போச்சு, மருவும் கிடைக்கலன்னு முந்தாநாள் வந்து பொலம்பினா. பச்சை இல்லாம மாலை எடுப்பா இல்லக்கான்னா. பாவமா இருந்துச்சி. நம்ம மூலிகைதான் கமகமன்னு இருக்குதே, சாமிக்குத்தானே போவுதுன்னு நுனி நுனியா கிள்ளி ஒரு கூடை குடுத்தேன். நேத்தும் குடுத்தேன். மார்க்கெட்ல வாங்கின தழையிலதான் எவனோ கலந்துட்டிருக்கான்.”

மாடிக்கு ஓடினேன். ரெண்டு செடியும் மொட்டையா நிக்குது. ஒரு நுனி பாக்கி இல்ல.

கீழே வந்ததும் அவள் கேட்டாள், “இன்னாங்க இப்படி வேர்க்குது?”

“வாயு” என்றேன்.

ஐயோ. அதையா சொன்னேன். அந்த நேரத்திலும்.

2 டிசம்பர், செவ்வாய்

விடிந்ததும் இரண்டையும் வேரோடு பிடுங்கி, துண்டு துண்டாக ஒடித்து, டிபன் பையில் திணித்துக்கொண்டு கிளம்பினேன். தேரடித் தெருவில் வாடிய மாலைகளைக் குவித்து வைத்திருந்தார்கள். அந்தக் குப்பைக்குள் கொட்டினேன். யாரும் பார்க்கவில்லை. நேராக ஆபீசுக்குப் போய்க் கையெழுத்துப் போட்டேன், ஒன்பது ஐம்பத்தெட்டுக்கு.

முன்பே கிள்ளிக் காயவைத்தது ஒரு ஹார்லிக்ஸ் டப்பாவில் கொஞ்சம் இருக்கிறது. அதை மட்டும் எறியவில்லை. ஏன் எறியவில்லை? பதில் தெரியும். எழுத அசிங்கமாக இருக்கிறது.

3 டிசம்பர், புதன். தீபம்

அருணாதேவியை நேற்றே ஜாமீனில் விட்டுவிட்டார்கள். ரேவதி காலையில் அவள் வீட்டுக்குப் போய்விட்டு வந்தாள்.

மாலை ஆறு மணிக்குத் தெருவில் எல்லா மாடியிலும் ஜனம். மலைமேல் தீபம் தெரிந்ததும் ஊர் முழுக்க அரோகரா. நாங்களும் மாடியில்தான் நின்றோம். கையைக் கூப்பியபடியே, மலையிலிருந்து கண்ணை எடுக்காமல் கேட்டாள்.

“அது இன்னா செடி?”

சொன்னேன்.

“எங்க பறிச்சன்னு போலீஸ் கேட்டாங்களாம். ரோட்டோரம் முளைச்சிருந்துச்சி, பறிச்சேன்னு சொன்னாளாம். ‘உங்க பேரை எடுக்கலக்கா, நீங்க தெரியாமத்தான் குடுத்திருப்பீங்க’ன்னு என் கையைப் புடிச்சிக்கினு சொல்றா.” கூப்பிய கையை இறக்கினாள். “நான் தெனமும் அரிசி கழுவின தண்ணி ஊத்தினேங்க.”

திட்டியிருந்தால் தாங்கியிருப்பேன். கீழே இறங்கிப் போய் வாசலில் விளக்கெல்லாம் ஏற்றினாள். ஒன்று விடாமல் ஏற்றினாள். நான் மாடியிலேயே நின்றேன்.

பழி ஓரிடம், பாவம் ஓரிடம் என்பார்கள். யார் வயிற்றில் அடித்தேன் என்று கேட்டேனே ஆகஸ்டில்.

5 டிசம்பர், வெள்ளி

சக்கரபாணியிடம் போனேன். “ஆபீஸ்ல ஒருத்தர்னு சொன்னேனே. நான்தான்டா அது.”

“தெரியும், மேல சொல்லு.”

எல்லாம் கேட்டுவிட்டு, “செடி எங்க?” என்றான்.

“பிடுங்கிட்டேன்.”

“சாமர்த்தியம்னு நெனச்சிக்கினியா? அந்தச் செடி நின்னிருந்தா, அவ சொல்லலன்னாலும் பச்சை எங்கேந்து வந்துச்சின்னு காட்டியிருக்கலாம். இப்ப அவ கையில புடிபட்டது மட்டும்தான் இருக்குது. வெறும் இலைய சட்டம் கஞ்சான்னு சொல்லாது, அப்படி இருந்தாலாவது வாதாடலாம், பூ நுனி இருந்திருக்குது. உன்கிட்ட ஏதாவது மிச்சம்?”

“இல்ல” என்றேன். ஹார்லிக்ஸ் டப்பா அரிசி டிரம்முக்குப் பின்னால் இருக்கிறது.

கடைசியில் அவனே வழியும் சொன்னான். அளவு கம்மி. அவள் குற்றத்தை ஒத்துக்கொண்டு அபராதம் கட்டினால் ஒரே வாய்தாவில் முடியும். அபராதத்தை நீ கட்டிவிடு. நீ போய் வாயைத் திறந்தால் வேலை, பென்ஷன் எல்லாம் போகும். “நண்பனா சொல்றேன், அப்படியே விட்டுடு. வக்கீலா கேட்டா இதையே வேற மாதிரி சொல்லுவேன்.”

படி இறங்கும்போது நெஞ்சில் பாரம் இறங்கினது மாதிரி இருந்தது. இறங்கினதுதான் கேவலம்.

8 டிசம்பர், திங்கள்

அருணாதேவி வீட்டுக்குப் போனேன். ஒற்றை அறை. நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். நான் உட்கார்ந்தேன், அவள் நின்றாள். அதுவும் இப்போதுதான் உறைக்கிறது.

வரிசையில் அவளை உட்கார விடுவதில்லையாம். அவள் இடத்தில் வேறு யாரோ சாக்கு விரித்துவிட்டார்கள். ‘சாமி கழுத்துல கஞ்சா போட்டவ’ என்கிறார்களாம்.

அபராதத்தை நான் பார்த்துக்கொள்கிறேன் என்றேன்.

“அபராதம் பெருசில்ல சார். நாலு வீட்ல பாத்திரம் தேச்சாவது கட்டிடுவேன். ஒத்துக்கணுமாமே. கோர்ட்ல நின்னு ஆமான்னு ஒரு வார்த்தை சொல்லிட்டேன்னு வெச்சிக்கோங்க, அப்பறம் எவன் சார் நான் கட்டின மாலைய வாங்கிக்கினு சாமிகிட்ட போவான்?”

“நீ ஏன் எங்க வீட்டைச் சொல்லல?”

“அக்காவுக்காக சார். ஸ்டேஷன்ல ஒரு பொம்பளை ராத்திரி உக்காந்திருக்கறது எப்படி இருக்கும்னு எனக்குத் தெரிஞ்சிப்போச்சி. அக்கா தாங்காது.” பிறகு கொஞ்சம் தயங்கிக் கேட்டாள். “சாருக்கும் தெரியாமத்தானே சார் குடுத்துட்டான் அந்த வைத்தியன்?”

நான் இந்தக் கேள்விக்குப் பதில் சொன்னேனா? தலையை ஆட்டினேன். எந்தப் பக்கம் ஆட்டினேன் என்று அவளுக்குப் புரிந்திருக்காது. எனக்குப் புரிந்தது.

22 டிசம்பர்

ரேவதி தலையில் பூ இல்லை. மூன்று வாரம் ஆகிறது. மார்க்கெட்டில் வாங்கி வந்து பூஜை அறையில் வைத்தேன். சாமி படத்துக்குப் போட்டாள். அவள் வைத்துக்கொள்ளவில்லை.

29 டிசம்பர்

பொங்கலுக்குப் பிறகு பள்ளிகளில் போதை விழிப்புணர்வு ஊர்வலமாம். சுற்றறிக்கை வரைவு என் மேஜைக்கு வந்தது. எழுதிக் கொடுத்தேன். ஒரு திருத்தம்கூட இல்லாமல் ஒப்புதல் ஆகிவிட்டது.

5 ஜனவரி 2026, திங்கள்

அருணாதேவிக்குக் கோர்ட் தேதி வந்துவிட்டது. பத்தொன்பதாம் தேதி. அவளுக்கு இலவசமாகக் கொடுத்திருக்கும் வக்கீலும் ஒத்துக்கோ என்றுதான் சொல்கிறாராம். அவளும் சோர்ந்து போய்ச் சரி என்றுவிட்டாளாம்.

ரேவதி சாப்பாடு பரிமாறிக்கொண்டே சொன்னாள், “அன்னிக்கு நான் போறேன். பறிச்சிக் குடுத்தது நான்தானே, சொல்லிடறேன்.”

“பைத்தியமா உனக்கு? வளர்த்ததுன்னு உன்னைத்தான் உள்ள வெப்பாங்க. கவிநிலாவை நெனச்சிப் பாரு.”

“நெனச்சித்தான் சொல்றேன்.”

“நான் சொல்றேன், நீ போவாத. நானே போய்ச் சொல்லிடறேன்.”

தட்டில் ரசம் ஊற்றினாள். “நீங்க சொல்ல மாட்டீங்க” என்றாள். கோபமே இல்லை குரலில். இருபத்தாறு வருஷம் கூட வாழ்ந்தவள் கணக்கு அது.

12 ஜனவரி

ஸ்டேஷன் வாசல்வரை போனேன். எதிர்க்கடையில் டீ குடித்தேன். பிறகு இன்னொரு டீ. மூன்றாவது டீக்குக் கடைக்காரர், “யாருக்காவது வெயிட் பண்றீங்களா சார்?” என்றார். ஆமாம் என்றுவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

13 ஜனவரி

இன்றும் போனேன். இன்று டீகூடக் குடிக்கவில்லை.

15 ஜனவரி. பொங்கல்

கவிநிலா வந்திருக்கிறாள். எங்கள் இரண்டு பேர் முகத்தையும் பார்த்துவிட்டு நேராக என்னிடம் வந்தாள். சொன்னேன், முழுவதும் சொன்னேன். செப்டம்பரில் போனில் கொடுத்த அறிவுரையை அவள் மறக்கவில்லை. “பெத்தவங்களைச் சொல்லணும்னு சொன்னீங்களேப்பா” என்றாள். சொல்லிவிட்டு அம்மாவிடம் போய் உட்கார்ந்தாள்.

19 ஜனவரி, திங்கள், காலை

ரேவதி எட்டரைக்கே புடவை கட்டிக்கொண்டு ஹாலில் உட்கார்ந்திருக்கிறாள். கோர்ட் பத்தரைக்கு.

நான் ஹார்லிக்ஸ் டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தேன். பார்த்தாள். இதுவரை ஒளித்து வைத்திருந்தேன் என்பதும் இப்போது அவளுக்குத் தெரிந்துவிட்டது. போகட்டும். சக்கரபாணிக்குப் போன் செய்தேன்: “ஒன்பதரைக்கு ஸ்டேஷனுக்கு வா. மிச்சம் இல்லைன்னு சொன்னது பொய்.” ஒரு கெட்ட வார்த்தை சொல்லிவிட்டு, வருகிறேன் என்றான்.

நானாகப் போகிறேன் என்று எழுத ஆசையாக இருக்கிறது. இல்லை. அவள் புடவை கட்டிக்கொண்டு உட்கார்ந்திராவிட்டால் இன்றும் மூன்று டீ குடித்துவிட்டு ஆபீசுக்குத்தான் போயிருப்பேன்.

20 பிப்ரவரி, வெள்ளி

ஒரு மாதம் எழுதவில்லை. அதில் பதினேழு நாள் வேலூர் ஜெயிலில். அதைப்பற்றி இப்போது வேண்டாம். ஜாமீனில் வந்து பதினைந்து நாளாகிறது. தினமும் காலையில் ஸ்டேஷனில் கையெழுத்து.

அன்றைக்கு அருணாதேவி ஆமாம் என்று சொல்வதற்குள் சக்கரபாணி ஓடிப்போய் நிறுத்திவிட்டான். அவள் வழக்கைத் தள்ளி வைத்திருக்கிறார்கள். இனி விடுதலை ஆகிவிடும் என்கிறான். கோயில் வரிசையில் அவளுடைய பழைய இடத்தில் பாதி கிடைத்திருக்கிறதாம். மீதி பாதியில் இன்னும் அந்தச் சாக்கு இருக்கிறதாம்.

இன்று ஆபீசிலிருந்து மெமோ வந்தது. தற்காலிகப் பணிநீக்கத்துக்குப் பிறகு வரவேண்டிய குற்றச்சாட்டுக் குறிப்பாணை, 17(பி). எத்தனை பேருக்கு இதை நானே டைப் அடித்துக் கொடுத்திருக்கிறேன். ‘தங்கள் இல்லத்தின் மொட்டைமாடியில் தடைசெய்யப்பட்ட இரண்டு செடிகளை வளர்த்து, அரசு ஊழியருக்கு ஒவ்வாத வகையில்.’ பதினைந்து நாளில் விளக்கம் தரவேண்டும்.

விளக்கம் என்ன இருக்கிறது? ‘குற்றச்சாட்டு உண்மை. ஒப்புக்கொள்கிறேன்’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். ரேவதியிடம் காட்டினேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தாள்.

“அவ நாப்பத்தொன்பது நாள் ஊர் வாயில கிடந்தது இதுல எங்க இருக்குது?”

“மெமோல அதைக் கேக்கல.”

“கேக்கலன்னா?”

உண்மைதான். செடி வைத்ததற்குப் பிரிவு இருக்கிறது, பத்து வருஷம் வரை. இன்னொருத்தி என் பழியைச் சுமந்துகொண்டு நிற்க, நான் ஒன்பது ஐம்பத்தெட்டுக்குக் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தேனே, அதற்கு எந்த விதியிலும் பிரிவு இல்லை. அதைக் கேட்க யாரும் வரமாட்டார்கள்.

வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுத ஆரம்பித்தேன். ‘மேற்படி செடிகளால் எந்தத் தவறும் செய்யாத திருமதி அருணாதேவி,’ அதற்கு மேல் ஓடவில்லை. கணவர் பெயர் போடவேண்டும், கதவு எண் போடவேண்டும். முப்பது வருஷ ஆபீஸ் புத்தி, அது இல்லாமல் கை நகராது. பதினோரு வருஷமாக வாசலில் வந்து நிற்கிறவள். அவளைப்பற்றி எனக்கு ஒன்றுமே தெரியாது.

ரேவதியைக் கேட்டேன். அவளுக்குத் தெரியும்.

“என்னை ஏன் கேக்கறீங்க? போய் அவளையே கேளுங்க” என்றாள். “நாற்காலி போட்டான்னா உக்காராதீங்க. அந்த வைத்தியன் கதையையும் சொல்லிட்டு வாங்க, அவ இன்னும் நம்பிக்கினு இருக்கா.”

மணி நாலு. வரிசையில் இருப்பாள். எல்லோர் முன்னாலும்தான் சொல்ல வேண்டியிருக்கும். சட்டை மாற்றிக்கொண்டு கிளம்புகிறேன்.